தீவுக்குத் தீவு ஒரு ஹலோ

மாமா சவூதியில் இருந்தார். எங்கள் தெருமுனையில் மஞ்சள் போர்டு போட்ட ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. 1990களின் ஆரம்பம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பூத்துக்குப் போவாள்.

கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் கத்த ஆரம்பிப்பாள். 'தம்பி, சாப்பிட்டியாடா?'

பதில் வராது. காதில் விழவில்லையோ என்று மறுபடியும், 'தம்பீ...' என்பாள். சரியாக அதே நேரம் அங்கிருந்து, 'சாப்பிட்டேன்க்கா, நீ...' என்று வரும். இரண்டும் மோதி, இரண்டுமே உருப்படாமல் போகும். சட்டென்று இரண்டு பேரும் நிறுத்திக்கொள்வார்கள். நிசப்தம். அடுத்து இரண்டு பேரும் ஒரே குரலில், 'ம்... நீ சொல்லு!' மறுபடி மோதல். தலைக்கு மேலே மீட்டர் மட்டும் சிவப்பு எழுத்தில் யாருக்காகவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

குற்றம் அம்மாவுடையது அல்ல. மாமாவுடையதும் அல்ல. செயற்கைக்கோள் வழியாகப் போகிற பேச்சு கிட்டத்தட்ட 36,000 கிலோ மீட்டர் மேலே ஏறி, அதே தூரம் கீழே இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. அரை விநாடி என்பது காலண்டரில் ஒன்றுமே இல்லை. பேச்சில் அது ஒரு யுகம்.

நான் படித்தது பி.காம். எலெக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆனால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடந்த இதே ரகளையைக் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே தீர்த்துவைக்க ஓர் ஆள் மெனக்கெட்டார், அதுவும் கடற்கரையும் தென்னைமரமுமாக இருக்கிற ஒரு தீவில் உட்கார்ந்துகொண்டு மெனக்கெட்டார் என்று தெரிந்தபோது விட மனசில்லை.

அந்தத் தீவு, ஹவாய். ஆள், நார்மன் ஆப்ராம்சன்.

1932-ல் பாஸ்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் பௌதிகம், ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம், அங்கேயே வாத்தியார் வேலை. எதற்காக அதையெல்லாம் விட்டுவிட்டு பசிபிக் சமுத்திரத்தின் நட்டநடுவே இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனார்? பெரிய தத்துவக் காரணமெல்லாம் இல்லை. மனிதருக்கு அலைச்சறுக்குப் பைத்தியம். பலகையை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினால் போதும், உலகம் மறந்துபோகும்.

போன இடத்தில் ஒரு தலைவலி காத்திருந்தது.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர், ஐ.பி.எம். 360 வரிசையைச் சேர்ந்தது, ஹொனலூலுவை ஒட்டிய மனோவா பள்ளத்தாக்கில் இருந்தது. ஹிலோவில் ஒரு கல்லூரி. ஓவாஹு, கவாய், மாவி, ஹவாய் என்று தீவுக்குத் தீவு சமுதாயக் கல்லூரிகள். ஆராய்ச்சி நிலையங்கள் வேறு. எல்லாம் சேர்ந்து சுமார் 320 கிலோ மீட்டர் வட்டத்துக்குள் சிதறிக் கிடந்தன. நடுவே கடல்.

அன்றைக்கு கம்ப்யூட்டர் என்றால் ஊருக்கு ஒன்று. மற்றவர்கள் டெர்மினலில் உட்கார்ந்து, டெலிபோன் கம்பி வழியாக அதனோடு பேச வேண்டும். ஹவாய்த் தீவுகளில் டெலிபோன் லைனின் லட்சணம் சொல்லும்படியாக இல்லை. கரகரவென்று இரைச்சல். தீவு விட்டுத் தீவு பேசினால் கட்டணம் கூரையைப் பிய்க்கும்.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. டெர்மினலில் உட்கார்ந்திருப்பவர் எந்நேரமும் தட்டிக்கொண்டா இருக்கிறார்? ஒரு வரி அடிப்பார். மோவாயைத் தடவியபடி யோசிப்பார். காபி குடிப்பார். இன்னொரு வரி. லைனோ முழு நேரமும் அவருக்கென்று பிடித்துவைக்கப்பட்டிருக்கும். எலுமிச்சம்பழம் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோக லாரியை மாத வாடகைக்கு எடுத்த மாதிரி. பி.காம். மூளைக்கு இது மட்டும் பளிச்சென்று புரிகிறது.

கம்பியே வேண்டாம், ரேடியோவில் பேசட்டும் என்றார் ஆப்ராம்சன். 1968 செப்டம்பரில் திட்டம் தொடங்கியது. பெயர், அலோஹா. ஹவாய் மொழியில் வணக்கமும் அதுதான், போய் வருகிறேன் என்பதும் அதுதான். ஃப்ராங்க் குவோ, ரிச்சர்ட் பைண்டர் என்று கூட்டாளிகள் சேர்ந்தார்கள்.

இரண்டே இரண்டு ரேடியோ சேனல்கள். 407.350 மெகாஹெர்ட்ஸில் எல்லாத் தீவுகளும் மனோவாவுக்குப் பேச வேண்டும். 413.475 மெகாஹெர்ட்ஸில் மனோவா எல்லோருக்கும் பதில் சொல்லும். ஒரு விநாடிக்கு 9,600 பிட்டுகள் வேகம். இன்றைக்கு சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு அது ராஜ வேகம்.

இங்கேதான் நம் கதாநாயகன் உள்ளே வருகிறான். ஆப்ராம்சன் இல்லை. ஒரு பெட்டி.

டெர்மினல் என்கிற ஜந்து, கம்பிக்காகவே பிறந்தது. ஆர்.எஸ். 232 என்று ஒரு சாக்கெட். அதன் வழியாக எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, எறும்பு வரிசை போலப் போகும். மறுமுனையில் அதே வரிசையில் இறங்கும். இதைத்தான் சீரியல் இணைப்பு என்கிறார்கள். அதற்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாதபடி, நடுவில் ஒரு பெட்டியைச் செய்து மாட்டினார்கள். ஆண்டெனா, டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், மோடம், கூடவே ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று. இவற்றோடு சாதுவாக இன்னொரு உறுப்பு. பஃபர்.

பஃபர் என்றால்? திண்ணை. அவ்வளவுதான். வெளியூர் கிளம்புகிற எழுத்துகள், வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்கிற இடம். அலோஹா பெட்டியின் திண்ணையில் 80 எழுத்துகள் உட்காரலாம். சரியாக ஒரு வரி.

எதற்குத் திண்ணை? வந்த எழுத்தை வந்தவுடன் அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே?

சென்னையில் ஷேர் ஆட்டோ ஏறியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரே ஆளுக்காக வண்டியை எடுத்தால் டிரைவருக்குக் கட்டுப்படியாகாது. அலோஹாவில் ஒவ்வொரு தடவை ரேடியோ வாயைத் திறக்கும்போதும், நான் யார், யாருக்குப் பேசுகிறேன் என்கிற முகவரிக்கு 32 பிட். முகவரி சிதையவில்லை என்று சரிபார்க்க 16. சரக்கு சிதையவில்லை என்று சரிபார்க்க இன்னொரு 16. ஆக 64 பிட் தண்டச் செலவு. ஓர் எழுத்துக்கு 8 பிட். எட்டு ரூபாய்ப் பொருளுக்கு அறுபத்து நாலு ரூபாய் கூரியரா? அதனால் ஒரு வரி சேரட்டும் என்று காத்திருந்து, 80 எழுத்துகளை மொத்தமாகப் பொட்டலம் கட்டினார்கள். ஒரு முழுப் பொட்டலம் 704 பிட். 40 எழுத்துக்கு ஒரு சின்ன சைஸும் உண்டு. மூன்றே எழுத்து அடித்து என்டர் தட்டினாலும் அந்தச் சின்ன வண்டிதான் கிளம்பும், மிச்ச சீட்டெல்லாம் காலி.

ஆக, தாமதத்தின் முதல் ஊற்று இது. நீங்கள் அடித்த முதல் எழுத்து, கடைசி எழுத்து வந்து சேருகிற வரை திண்ணையில் தேமே என்று உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது ஊற்று, பொட்டலத்தைப் படியிறக்குகிற நேரம். 704 பிட்டை 9,600 வேகத்தில் அனுப்பி முடிக்க சுமார் 73 மில்லி விநாடி. தூரம்? 320 கிலோ மீட்டரை ரேடியோ அலை ஒரே மில்லி விநாடியில் தாண்டிவிடும். கவனித்தீர்களா? கடலைக் கடக்க ஒரு பங்கு, வாசல்படி இறங்க 73 பங்கு. கம்பியில்லாத் தொடர்பு தாமதமானால் உடனே தூரத்தின் மேல் பழி போடுகிறோம். பாவம், தூரம் அந்த இடத்திலேயே இல்லை.

மூன்றாவது ஊற்றுதான் விவகாரமானது.

எல்லாத் தீவுகளுக்கும் ஒரே சேனல். இரண்டு பேர் ஒரே சமயத்தில் அனுப்பினால்? அம்மா, மாமா கதைதான். ஒரு தீவில் இருப்பவர் பேசுவது இன்னொரு தீவுக்குக் கேட்கவும் கேட்காது. எல்லோரும் மனோவாவிடம் பேசுகிறார்கள், மனோவா சொல்வது மட்டும் எல்லோருக்கும் கேட்கும். யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, அடங்கிய பிறகு பேச ஆரம்பிப்பது என்கிற நாகரிகமெல்லாம் இங்கே செல்லாது.

வழக்கமான மூளை என்ன செய்திருக்கும்? வரிசை போட்டிருக்கும். உனக்கு முதல் விநாடி, உனக்கு இரண்டாவது விநாடி, இப்படி. ரேஷன் கடை மாதிரி. ஆனால் எல்லோரும் எப்போதாவதுதானே பேசுகிறார்கள்? பேச விஷயமே இல்லாதவனின் முறை வரும்போது சேனல் சும்மா கிடக்கும், விஷயம் இருப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான்.

ஆப்ராம்சன் செய்தது கிட்டத்தட்ட அராஜகம். 'பொட்டலம் ரெடியா? அனுப்பு. யாரையும் கேட்காதே.' மனோவாவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், கிடைத்தது என்று ஒரு ஒப்புதல் வரும். வரவில்லையா? மோதிவிட்டது என்று எடுத்துக்கொள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பு.

அந்த 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். மோதிய இரண்டு பேரும் ஒரே அளவு காத்திருந்தால், மறுபடி ஒன்றாகவே மோதுவார்கள். 'ம்... நீ சொல்லு' கதை. அதனால் ஒவ்வொரு பெட்டியும் தன் இஷ்டத்துக்கு, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒரு நேரம் காத்திருக்கும். உன் சீட்டு வேறு, என் சீட்டு வேறு. பெரும்பாலும் அடுத்த தடவை பிழைத்துக்கொள்வார்கள். மறுபடி அனுப்ப வேண்டுமென்றால் பழைய பொட்டலம் கையில் இருக்க வேண்டுமே? திண்ணைக்கு இரண்டாவது வேலை இது. ஒப்புதல் வருகிற வரை அந்த வரியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

குறிப்பிட்ட தடவை முயன்றும் ஒப்புதல் வரவில்லை என்றால்? பெட்டியில் ஒரு விளக்கு மினுக் மினுக் என்று எரியும். 'என்னால் ஆனதைப் பார்த்துவிட்டேன். இனி உன் பாடு' என்று அர்த்தம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இந்த விளக்குதான். தோற்றுப்போனால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிற ஒரு மெஷின்.

கணக்கு என்ன சொன்னது தெரியுமா? ஒரு பொட்டலம் பத்திரமாகப் போக வேண்டும் என்றால், அது கிளம்புவதற்கு முந்தைய 73 மில்லி விநாடியில் வேறு எவனும் கிளம்பியிருக்கக் கூடாது. இது போய்க்கொண்டிருக்கும் 73-லும் எவனும் கிளம்பக் கூடாது. இதைப் புள்ளியியலில் போட்டுக் கசக்கினால், சேனலில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். மிச்சம் எண்பத்துச் சொச்சம், மோதலிலும் மௌனத்திலும் வீண்.

நூற்றுக்குப் பதினெட்டு. எங்கள் கல்லூரியில் அந்த மார்க் வாங்கினால் அப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள்.

ஆனால் ஆப்ராம்சன் 1970-ல் வாசித்த கட்டுரையில் வேறு விதமாகப் போட்டுக் காட்டினார். ஆள் ஒன்றுக்கு நிமிஷத்துக்கு ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொண்டால், அப்போது திட்டமிட்டிருந்த வேகத்தில் இந்தப் பதினெட்டிலேயே 324 பேர் ஒரே சேனலில் குடித்தனம் நடத்தலாம். தனித்தனி லைன் கொடுத்திருந்தால் 324 லைன்! லாபக் கணக்கு என்பது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. இதுவும் பி.காம். பாடம்தான்.

ஓர் ஆபத்தும் உண்டு. கூட்டம் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், மோதலால் மறு அனுப்பல், மறு அனுப்பலால் மேலும் மோதல் என்று விஷச் சுழல். எல்லோரும் பேசுவார்கள், எதுவும் போய்ச் சேராது. தாமதம் விநாடிகளில் ஆரம்பித்து எங்கேயோ போய் நிற்கும்.

1971 ஜூன் மாதம் முதல் பெட்டி வேலை செய்தது. ரேடியோ வழியே முதல் பொட்டலம் போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டர்கள் கம்பியில்லாமல் பொட்டலம் பொட்டலமாகப் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மனோவா பக்கத்தில் பொட்டலங்களை வாங்கிப் பிரித்து, பெரிய கம்ப்யூட்டரிடம் கொடுத்து, பதிலை அனுப்பிவைக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. ஹ்யூலெட் பேக்கர்ட் தயாரிப்பு. அதற்கு மெனஹூனி என்று பெயர் வைத்தார்கள். ஹவாய்ப் பழங்கதைகளில் வரும் குள்ள மனிதர்கள். ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துவிட்டு, விடிவதற்குள் மறைந்துவிடுவார்களாம். பெயரில் ஒரு குறும்பும் இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஆர்பா அமைப்பு அப்போது கட்டிக்கொண்டிருந்த ஆர்பாநெட்டில் (இன்டர்நெட்டின் பாட்டன்) இதே வேலையைச் செய்த மெஷினுக்கு ஐ.எம்.பி. என்று பெயர். சேர்த்துப் படித்தால் 'இம்ப்'. ஆங்கிலத்தில் குட்டிச்சாத்தான்.

அந்தக் குட்டிச்சாத்தான் ஹவாய்க்கு வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும்.

1972. ஆர்பாநெட்டுக்குப் பொறுப்பாளரான லாரி ராபர்ட்ஸைப் பார்க்க ஆப்ராம்சன் அவருடைய ஆபீஸுக்குப் போயிருந்தார். பேச்சின் நடுவே யாரோ கூப்பிட, ராபர்ட்ஸ் எழுந்து வெளியே போனார். சுவரில் கரும்பலகை. அடுத்த சில மாதங்களில் எந்தெந்த ஊரில், எந்தத் தேதியில் ஐ.எம்.பி. பொருத்த வேண்டும் என்று பட்டியல். ஆப்ராம்சன் சாக்பீஸை எடுத்தார். பட்டியலில் அலோஹா என்று எழுதினார். எதிரே, டிசம்பர் 17. ராபர்ட்ஸ் திரும்பி வந்தார். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. பலகையில் எழுதியதைப் பற்றிப் பேசவே மறந்துபோயிற்று.

டிசம்பர் 17-க்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹவாய்க்கு போன். 'மெஷின் வருகிறது, ஆட்கள் வருகிறார்கள், இடத்தைத் தயார் செய்து வையுங்கள்.'

வந்தது. ஆர்பாநெட்டின் முதல் செயற்கைக்கோள் இணைப்பு அதுதான். நம் கால் விநாடிப் பிசாசும் கூடவே வந்து சேர்ந்தது.

அதே 1972-ல் பாப் மெட்காஃப் என்கிற இளைஞர் வாஷிங்டனில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தார். ஹார்வர்டில் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருந்த நேரம். ராத்திரி தூக்கம் வரவில்லை. கையில் கிடைத்த கனமான புத்தகத்தைப் பிரித்தால் ஆப்ராம்சனின் கட்டுரை. படித்தார். ஒரு விஷயம் உறுத்தியது. பதில் வராவிட்டாலும் ஜனங்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தது. நிஜத்தில் மனுஷன் அப்படியா? முதல் வரிக்குப் பதில் வராமல் இரண்டாவது வரியை அடிக்க மாட்டான். அதாவது, தாமதமே கூட்டத்தைக் குறைக்கும்.

இதைக் கணக்கில் சேர்த்து எழுதினார். 1973-ல் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு மே 22-ம் தேதி, ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து, கம்பியில் அலோஹாவைப் போன்ற ஒன்றை ஓட்டலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். கம்பியில் ஒரு சௌகரியம், மற்றவன் பேசுவது காதில் விழும். ஆல்ட்டோ அலோஹா என்று சொல்லிக்கொண்டிருந்த அதற்கு அவர் வைத்த புதுப் பெயர், ஈதர்நெட். ஆபீஸ் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகியிருக்கிறதே, அதுதான். உங்கள் செல்போன் டவரை முதன்முதலாகக் கூப்பிடும்போதும் ஆப்ராம்சன் வழிதான். யாரையும் கேட்காமல் ஒரு குரல், பதில் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரல்.

ஆனால் அந்தப் பெட்டி? கம்பி போல நடிக்கிற பெட்டி? அது சாகவில்லை. ரேடியோ மோடம் என்ற பெயரில் தண்ணீர்த் தொட்டி, பம்ப் ஹவுஸ், எண்ணெய்க் கிணறு என்று ஆளில்லாத இடங்களில் பிழைப்பு நடத்துகிறது. அதன் பழைய குணம் மாறவில்லை. அதனால் அவ்வப்போது வம்பு.

1979-ல் மாடிகான் என்ற நிறுவனம் ஆலை மெஷின்கள் பேசிக்கொள்ள மாட்பஸ் என்றொரு பாஷையை உண்டாக்கியது. கம்பிக்காக எழுதிய பாஷை. அதில் முற்றுப்புள்ளி கிடையாது. மௌனம்தான் முற்றுப்புள்ளி. மூன்றரை எழுத்து நேரம் சத்தமில்லை என்றால் வாக்கியம் முடிந்தது என்று அர்த்தம். 9,600 வேகத்தில் அது வெறும் 4 மில்லி விநாடி.

இதை ரேடியோ மோடத்தில் கோத்தால் என்ன ஆகும்? மோடம் ஒரு வாக்கியத்தின் பாதியைப் பொட்டலம் கட்டி அனுப்பும். மீதி அடுத்த பொட்டலத்தில். நடுவே ஐம்பது மில்லி விநாடி இடைவெளி. மறுமுனையில் இருக்கிற மெஷின், வாக்கியம் முடிந்தது, ஆனால் அரைகுறை என்று தூக்கிக் குப்பையில் போட்டுவிடும். ரேடியோ மேல் தவறில்லை. ஓர் எழுத்து கூடத் தொலையவில்லை. கம்பி என்று நம்பியதுதான் தவறு.

இதைவிட மோசம், பதில் பத்திரமாக, ஆனால் லேட்டாக வருவது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிறது கம்ப்யூட்டர். அரை விநாடி பார்க்கிறது. பதில் இல்லை. சரி, போகட்டும் என்று அதே தொட்டியின் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று அடுத்த கேள்வியைக் கேட்கிறது. அப்போது வந்து சேருகிறது முதல் கேள்விக்கான பதில். சீரியல் மாட்பஸில் கேள்விக்கு நம்பர் போடுகிற வழக்கமில்லை. இரண்டு பதிலும் ஒரே நீளமாக இருந்துவிட்டால், தண்ணீர் அளவை அழுத்தம் என்று எழுதிக்கொள்ளும். அதை நம்பி பம்ப் ஓடும், அல்லது நிற்கும். விவரம் தெரிந்த இன்ஜினீயர்கள், மோடத்தை மாட்டியதும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் பொறுமையை இரண்டு, மூன்று விநாடிக்கு ஏற்றிவைப்பார்கள். முழு வாக்கியம் சேர்ந்த பிறகே எழுத்துகளை இடைவெளியில்லாமல் கொட்டுகிற மோடமாகப் பார்த்து வாங்குவார்கள்.

ஆப்ராம்சன் 2020 டிசம்பர் 1-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 88.

எங்கள் வீட்டில் அந்த ஐ.எஸ்.டி. ரகளைக்கு முடிவு கட்டியவர் மாமாதான். போன் செய்வதைக் குறைத்துக்கொண்டு கேசட்டில் பேசிப் பதிந்து, லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். வந்து சேர இரண்டு வாரம் ஆகும், சில சமயம் ஒரு மாதம் கூட. ஒரு வார்த்தை மோதாது. டேப் ரெக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். 'அக்கா, சாப்பிட்டியா?' என்று ஆரம்பிப்பார் மாமா.

'ஆச்சுடா, இப்பதான்' என்பாள் அம்மா, டேப் ரெக்கார்டரைப் பார்த்து.